முத இலைக்கு ஒரு பரதேசி

ராசிங்காபுரம் ராஜாராமுக்கு எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. கீழே தென்னையும் மாவும், போடிமெட்டைத் தாண்டி மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம், வீட்டுக்குள்ள சாமிப்பெட்டி. நாக்கு மட்டும்தான் அவரு பேச்சைக் கேக்காது. கோவம் வந்துட்டா ஆளு யாரு, எடம் எதுன்னு பாக்காம "பரதேசிப் பயலே"ன்னு அவுத்து விட்டுருவாரு. பால்காரன் பிந்தி வந்தா பரதேசி. கரண்டு போனா, கரண்டாபீசுல இருக்கிற அத்தனை பேரும் பரதேசி. ஒருநா தலை சீவும்போது சீப்போட பல்லு ஒடிஞ்சிருச்சு, அந்தச் சீப்பும் பரதேசி. "ஒருநா இல்ல ஒருநா அந்தச் சொல்லே உங்களுக்கு ஆப்பு வைக்கப் போகுது"ன்னு அவரு சம்சாரம் ஜக்கம்மா சொல்லிச் சொல்லி ஓஞ்சு போச்சு.

அந்த நாளும் வந்துச்சு. அதுவும் எப்ப? குலசாமி கும்பிடு அன்னைக்கு.

ராஜாராம் வகையறாவோட கும்பிடு வருசத்துக்கு ஒரு தரம். பெட்டிக்குள்ள சாமியோட சேலை, வளையல், ஒரு பழைய கைத்தடி. பெட்டி யாரு வீட்டுல இருக்கோ அவுகதான் கும்பிடு நடத்தணும். அதுல ஒரு கட்டுப்பாடு உண்டு. கெடா வெட்டி, பொங்கல் பொங்கி, கறி கொதிச்சு வாசம் ஊரைத் தூக்கினாலும் சனம் கை நனைக்கக் கூடாது. முத இலை ஒரு பரதேசிக்குப் போடணும். பரதேசின்னா சடையும் காவியும் இருக்கணும்னு இல்ல. அன்னைக்கு ராத்திரிக்குள்ள சொந்த ஊரு போய்ச் சேர முடியாத ஆளு, அம்புட்டுத்தான். அவரு ஒரு வாய் சாப்பிட்டதும், பெட்டி வீட்டுக்காரரு துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு முன்னால நிப்பாரு. தன் வகையறா எங்கருந்து கிளம்பி எப்படி இந்த மண்ணுக்கு வந்துச்சுன்னு சொல்லி, "நாங்க இங்க இருக்கலாமா சாமி?"ன்னு கேப்பாரு. அந்தப் பரதேசி வாயைத் தொறந்து "இருங்க"ன்னு சொல்லணும். சொன்னாத்தான் சோறு. பொழுது சாயிறதுக்குள்ள அந்த ஒரு சொல்லு விழலைன்னா, கும்பிடு கொறை. பெட்டி அடுத்த பங்காளி வீட்டுக்குப் போயிரும்.

அடுத்த பங்காளி முத்துக்கிருஷ்ணன் லேசுப்பட்ட ஆளா? புது வீடு கட்டும்போதே பெட்டி வைக்க ஒரு மாடம் விட்டு, அதுக்கு மார்பிள் ஒட்டி, லைட்டும் மாட்டி வச்சிருந்தாரு. கேட்டா, "சும்மா ஒரு அழகுக்குண்ணே"ன்னு சிரிப்பாரு. ராஜாராமுக்கு அந்தச் சிரிப்பைப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும். பெட்டி மேல அவருக்கு உசுரு. ஊரெல்லாம் கத்தித் திரியிற மனுசன், அது முன்னால மட்டும்தான் தணிஞ்ச குரல்ல பேசுவாரு. அது வீட்டை விட்டுப் போறதை அவரால நெனச்சுக்கூடப் பாக்க முடியல.

இத்தனை வருசமா அவருக்குக் கவலையில்லாமப் பாத்துக்கிட்டது ஒச்சப்பன். பழனி, சதுரகிரி, சபரிமலைன்னு காத்தாத் திரியிற ஆளு. எங்க திரிஞ்சாலும் கும்பிடு அன்னைக்குக் கறி வாசம் பிடிச்ச மாதிரி வந்து இலையில உக்காந்துருவாரு. பசி தாங்காது மனுசனுக்கு. ராஜாராம் "நாங்க வடக்க பொறந்த சனம்"னு தொடங்குறதுக்குள்ள "இருங்க, இருங்க"ன்னு கையை ஆட்டிட்டுக் கறியில எறங்கிருவாரு. ராஜாராமும் மிச்சத்தை ரயிலு விடுற மாதிரி மளமளன்னு ஒப்பிச்சு முடிச்சிருவாரு. யாரு அதைக் காது குடுத்துக் கேட்டா? அவரே கேட்டது கிடையாது.

இந்த வருசமும் ஒச்சப்பன் வந்தாரு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, இடுப்புல ஒரு சாவி. முத இலையைத் தாண்டிப் போயி, விருந்தாளிகளோட நாற்காலியில உக்காந்தாரு.

"என்னங்க ஒச்சப்பண்ணே, இலை இங்க கெடக்கே?"ன்னாரு ராஜாராம்.

"அந்த இலை இனி எனக்கு ஆகாது அப்பு"ன்னு ஒச்சப்பன் சாவியைத் தூக்கிக் காட்டினாரு. "இங்கன பக்கத்துல தேவாரம் ஊருல அரசாங்கம் எனக்கு வீடு குடுத்துருச்சு. கதவு, ஜன்னலு, கக்கூசு எல்லாம் இருக்கு. நான் இப்ப வீட்டுக்காரன்."

ராஜாராம் நாற்காலியை ஒட்டிக் குனிஞ்சாரு. "அண்ணே, ஒரு நாளைக்கு மட்டும் அந்தச் சாவியை ஜக்கம்மாகிட்டக் குடுத்துட்டு..."

"சாமியையே ஏமாத்தப் போறீகளாண்ணே?"ன்னு பின்னால இருந்து ஒரு குரல். வேற யாரு, முத்துக்கிருஷ்ணன்தான். அப்புறம் ரொம்ப அக்கறையா மொகத்தை வச்சுக்கிட்டு, "ஏண்ணே, ஒங்க தோட்டத்துல ஜார்க்கண்டுல இருந்து வந்த ஆளு ஒருத்தன் இருந்தானே? அவனைக் கூப்பிட்டா முடிஞ்சு போச்சு"ன்னாரு.

அந்த ஆளை ராஜாராம் விரட்டி விட்டு ஒரு மாசம் கூட ஆகல.

அந்த ஆளு பேரு சோம்ரா. ஏலத்தோட்டத்துக்குப் புதுசு. தூரைச் சுத்திக் களையெடுக்கச் சொன்னா, அரண்மனை வாசல் மாதிரி சுத்தமா எடுத்து வச்சிருந்தான். அங்கதான் வந்துச்சு வெனை. ஏலச்செடி ஆளு உசரத்துக்கு மேல வளந்தாலும் காய் மேல காய்க்காது. தூருல இருந்து கொடி மாதிரி தரையோட ஓடுற சரத்துலதான் பூவும் காயும். அது தெரியாத மனுசன், களையோட களையாச் சரத்தையும் அறுத்துக் குவிச்சுட்டான். பூவும் பிஞ்சுமாக் கெடந்த குவியலைப் பாத்ததும் ராஜாராமுக்குத் தலைக்கேறிருச்சு. காயெடுக்கிற பொம்பளைக அத்தனை பேரு முன்னாலயும், "பரதேசிப் பயலே! ஓடுறா ஒன் ஊருக்கு!"ன்னு கத்தி, அவன் பையைத் தூக்கி ரோட்டுல எறிஞ்சாரு. சோம்ரா பையைத் தட்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

இப்ப அவன் மொகத்துல முழிக்கிறதை விடப் போடியையே சலிச்சு வேற ஆளைப் பிடிச்சுரலாம்னு ராஜாராம் ஜீப்பைக் கிளப்பினாரு. "பொழுது சாயிறதுக்குள்ள வெரசா வந்துருங்க, பிள்ளைகள்ளாம் பசி தாங்காதுக"ன்னு ஜக்கம்மா கத்தினது காதுல விழுந்துச்சு.

போடி பஸ் ஸ்டாண்டுல நெஞ்சு வரைக்கும் தாடி வச்சு ஒரு பெரியவரு உக்காந்திருந்தாரு. ராஜாராம் பணிவா, "சாமி பரதேசிதான?"ன்னு கேட்டாரு. அம்புட்டுத்தான். "ஏன்யா, ஒரு மனுசன் சவரம் பண்ணலைன்னா பரதேசியா? சின்னமனூர்ல எனக்கு மெத்தை வீடு இருக்குய்யா!"ன்னு பெரியவரு குடையைத் தூக்கிட்டாரு. பஸ்சுல இருந்தவுக எல்லாம் ஜன்னல் வழியா வேடிக்கை பாத்தாக.

அடுத்து, ஏலக்காய் ஏல மையம் பக்கத்துல இருக்கிற லாட்ஜு. அங்க தில்லியில இருந்து சரக்கெடுக்க வந்த ஒரு வியாபாரி காருல ஏறிக்கிட்டிருந்தாரு. தில்லி! ராஜாராமுக்கு வாயெல்லாம் பல்லு. பக்கத்துல நின்ன அவரோட ஏஜெண்டுகிட்ட, "தம்பி, ஒங்க மொதலாளி பரதேசிதான?"ன்னு ஆசையாக் கேட்டாரு. ஏஜெண்டு அடிக்காத கொறை. "மதுரைல ஏரோப்ளேன் ஏறினாருன்னா ராத்திரிக்குச் சப்பாத்தி அவரு வீட்டுலதான். யாரைப் பாத்து என்ன சொல்லு சொல்ற?"ன்னு பாஞ்சான். ராஜாராம் ஜீப்புக்குள்ள பதுங்க வேண்டியதாப் போச்சு.

கடைசியா, கட்டடம் கட்டுற எடத்துல வடக்கத்திப் பையங்க நாலஞ்சு பேரு நின்னாக. கறிச்சோறுன்னதும் அவுகளுக்கும் ஆசைதான். "எந்த ஊரு மொதலாளி?"ன்னு கேட்டாக. "ராசிங்காபுரம், மேலே ஏலத்தோட்டம்"னு சொன்னதும் ஒருத்தன் மத்தவன் காதுல ஓதினான். எல்லாரும் கொத்துக்கரண்டியைக் கையில எடுத்துக்கிட்டாக, அடிக்க இல்ல, வேலை பாக்க. "சோம்ராவை விரட்டுன மொதலாளி நீங்கதான? அவன் வந்தா நாங்களும் வர்றோம்"னு ஒருத்தன் சொல்லிட்டுத் திரும்பிக்கிட்டான். மலையில நடக்கிற சேதி போன்ல அவுகளுக்குக் கீழே எறங்கி வர எம்புட்டு நேரம் ஆகும்?

ராஜாராம் தண்ணி குடிச்சாரு. மீசையைத் தொடச்சாரு. வேற வழியில்லாம ஜீப்பை மலைக்குத் திருப்பினாரு. ஒவ்வொரு வளைவுலயும், "சோம்ரா தம்பி..."ன்னு ஒரு தரம் சொல்லிப் பாத்தாரு. தம்பிங்கிற சொல்லு அவரு வாயில ஒட்டவே மாட்டேன்னுச்சு.

ஞாயித்துக்கிழமை, மலையில சோலி இல்லாத நாள். போடிமெட்டு டீக்கடையில அவரு தோட்டத்துக் கங்காணி சந்திரவல்லி உக்காந்து வடை தின்னுக்கிட்டிருந்துச்சு. காயெடுக்கிற பொம்பளைக எல்லாருக்கும் அதுதான் தலை. சோம்ராவைக் கூட்டிப் போயி பக்கத்துத் தோட்டத்துல சேத்து விட்டதும் அதுதான். அதுக்குப் பக்கத்துலயே சோம்ரா.

ராஜாராமைப் பாத்ததும் சோம்ரா நெஞ்சுல கையை வச்சு, "ஆத்தாடி! இந்த மனுசன் வந்துட்டாரே, என்ன பண்ணப் போறாரோ!"ன்னான்.

ராஜாராம் வாயைப் பொளந்தாரு. ரெண்டு ஆளு தூக்குற மூட்டையை ஒத்தையாத் தூக்குற ஒடம்பு, பேசுறது அச்சு அசலாச் சந்திரவல்லி. வேலைக்கு வந்த நாள்ல இருந்து அது பேச்சைக் கேட்டே கத்துக்கிட்ட தமிழு வேற எப்படி இருக்கும்?

விசயத்தைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ராஜாராமுக்கு வேர்த்துருச்சு. சோம்ரா டீயைக் கீழே வச்சான்.

"அன்னைக்குப் பரதேசின்னு பையைத் தூக்கி எறிஞ்சீக. இன்னைக்குப் பரதேசியா வந்து முத இலையில உக்காருன்னு வர்றீக. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அந்தச் சொல்லுக்கு என்னதாண்ணே அர்த்தம்?"

அந்தச் சொல்லை நாளுக்கு நாப்பது தரம் சொல்றவருக்கு, அர்த்தத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு. "அது வந்து... பரம்னா வேற, அந்தப் பக்கம். பரதேசம்னா வேற சீமை. வேற சீமையில இருந்து நடந்து வந்தவன் பரதேசி. கோயில் கோயிலாப் போறவுக, பஞ்சம் பொழைக்க வந்தவுக, எல்லாரையும் அப்படித்தான் சொன்னாக. அதுல கெட்ட அர்த்தம் ஒண்ணும் கெடையாது."

"கெட்ட அர்த்தம் இல்லாமலா அம்புட்டுச் சத்தமாச் சொன்னீக?"ன்னு சந்திரவல்லி வடையை ஆட்டி ஆட்டிக் கேட்டுச்சு.

டீக்கடைக்கார மலையாளி பாலை ஆத்திக்கிட்டே நடுவுல புகுந்தாரு. "கொச்சியில பரதேசிப் பள்ளின்னு ஒண்ணு உண்டு, கேட்டோ. கப்பலேறி வந்த யூதக்காரங்க சாமி கும்பிடுற எடம். பேரே பரதேசிதான். எம்புட்டு ஆளு போயிப் பாக்குது தெரியுமோ!"

"நீங்க பேசாதீகய்யா"ன்னு சந்திரவல்லி அவரு பக்கம் திரும்புச்சு. "பாண்டி நாட்டுல இருந்து மலையேறி வந்தோம்னு தமிழாளுக எங்களைப் 'பாண்டி'ங்கிறீக. ராசாக்க பேருதான் அது. ஆனா நீங்க சொல்ற தினுசுல எங்களுக்குக் காது கூசுதே! வந்தவன் பசியோட வந்தான், அழுக்குத் துணியோட வந்தான். பாத்தவுக அவன் ஊருப் பேரையே வசவாக்கிட்டாக. சொல்லு மேல என்ன தப்பு? சொன்ன வாயைத்தான கழுவணும்?"

டீக்கடைக்காரரு கிளாசைக் கழுவப் போயிட்டாரு. ராஜாராமுக்குப் போறதுக்கு எடமில்ல, நின்னாரு.

சோம்ரா மிச்ச டீயைக் குடிச்சு முடிச்சான். "வேற சீமைக்காரன்தான? அப்ப நான் பரதேசிதான். வர்றேன். ஆனா ஒண்ணு. நீங்க இருக்கலாமான்னு கேட்டா, நான் யோசிச்சுத்தான் பதில் சொல்லுவேன்."

"யோசிக்க என்னய்யா இருக்கு அதுல? இருங்கன்னு சொல்லணும்!"

"ஏன், ஓடுன்னும் சொல்லலாம்ல?"ன்னு சந்திரவல்லி வாயைப் பொத்திச் சிரிச்சுக்கிட்டே ஜீப்புல ஏறிக்கிச்சு.

எறங்குற வழியெல்லாம் ராஜாராம் வாத்தியார் வேலை பாத்தாரு. "இருங்க. எங்க சொல்லு, இருங்க." சோம்ரா ஜன்னல் வழியா கொரங்குகளைப் பாத்துக்கிட்டு வந்தான். ஒரு தரம், வாயைத் தொறந்தான். ராஜாராம் ஆசையாத் திரும்பினாரு. "அண்ணே, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க"ன்னான். போடியில அந்தக் கொத்து வேலைப் பையங்களும் தொத்திக்கிட்டாக.

ராசிங்காபுரத்துல பிள்ளைக அழுது முடிச்சு, பெருசுக அழத் தொடங்குற நேரம். வெயிலு தென்னந்தோப்பு உச்சிக்குப் போயிருச்சு. முத்துக்கிருஷ்ணன் பெட்டிக்குப் பக்கத்துலயே, தூக்குறதுக்குத் தோதா நின்னுக்கிட்டிருந்தாரு.

வேப்பமரத்தடியில சோம்ரா முத இலையில உக்காந்தான். ஜக்கம்மா சோறும் கறியும் வச்சுச்சு. அவன் ஒரு வாய் எடுத்து மென்னான். கூட்டம் முழுக்க அவன் தொண்டையையே பாத்துச்சு. முழுங்கிட்டான். கையை அப்படியே வச்சுக்கிட்டு ராஜாராமை நிமிந்து பாத்தான், சொல்லுங்கங்கிற மாதிரி. ஒச்சப்பன் மாதிரி கையை ஆட்டல. கேக்கணும்னே உக்காந்திருந்தான்.

ராஜாராம் துண்டை இடுப்புல கட்டினாரு. வழக்கம் போல ரயிலை விட்டாரு.

"நாங்க வடக்க பொறந்த சனம் சாமி. மழை பொய்ச்சுப் போயி, பானையில நெருப்பும் பெட்டியில சாமியுமாக் கிளம்பினோம். ஆத்தைத் தாண்டினோம். போன எடமெல்லாம் எந்த ஊருன்னு கேட்டாக. நாங்க சொன்ன ஊரு அவுகளுக்குத் தெரியல. அவுக பேசின பேச்சு எங்களுக்குத் தெரியல. மாடு மேச்சோம், கெணறு வெட்டினோம், கூலிக்குக் களையெடுத்தோம். எது களை, எது பயிருன்னு தெரியாம..."

ரயிலு நின்னு போச்சு.

எத்தனை வருசமா ஒப்பிச்ச சொல்லு! அடுத்த வரி என்னன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வாய் வரல. கூட்டத்துல சந்திரவல்லி மெதுவா எந்திரிச்சு நின்னுச்சு. "சொல்லுங்கண்ணே"ன்னு முத்துக்கிருஷ்ணன் பெட்டி மேல கையை வச்சாரு.

"எது களை, எது பயிருன்னு தெரியாம"ன்னு ராஜாராம் திரும்பச் சொன்னாரு. இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லா. "மொளைச்சு நிமிந்து நின்ன சோளத்தையெல்லாம் பிடுங்கி வரப்புல போட்டுட்டோம் சாமி. காட்டுக்குச் சொந்தக்காரரு வந்தாரு. அடிக்கப் போறாருன்னு தலையைக் குனிஞ்சு நின்னோம். அவரு அடிக்கல. வெரட்டல. 'பயிரு எதுன்னு நாளைக்குக் காட்டித் தர்றேன், இன்னைக்குச் சாப்பிட்டுப் படுங்க'ன்னாரு. அந்தச் சோத்துலதான் சாமி இத்தனை சனமும்..."

அதுக்கு மேல அவரால முடியல. வெக்கம்னா வெக்கம், அப்படி ஒரு வெக்கம். அம்புட்டுப் பேரு முன்னால கண்ணு கலங்கி நின்னாரு மனுசன். கடைசிக் கேள்வியை அவரு காதுக்கே கேக்காத குரல்ல கேட்டாரு. பெட்டி முன்னால பேசுற குரலு அது. "நாங்க... இருக்கலாமா சாமி?"

சோம்ரா இலையைப் பாத்தான். ராஜாராமைப் பாத்தான். தென்னை உச்சியில வெயிலு மஞ்சளாயிருச்சு. ஓடுன்னு சொல்லிருவானோன்னு ஜக்கம்மா கரண்டியை இறுக்கிப் பிடிச்சுச்சு.

"சோளத்தையா பிடுங்கினீக?"ன்னான் சோம்ரா.

ராஜாராம் தலையை ஆட்டினாரு.

"ஆத்தாடி ஆத்தா!" சோம்ராவுக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ சிரிப்பு. ஒடம்பு குலுங்க, கண்ணுல தண்ணி வர, சந்திரவல்லி சிரிக்கிற அதே சிரிப்பு. "சோளத்தை! கண்ணுக்கு நேரா மேல நிக்கிற சோளத்தை! நானாவது கீழே கெடந்த சரத்தை அறுத்தேன்!" கூட்டத்துல ஒருத்தரு சிரிக்க, இன்னொருத்தரு சிரிக்க, முத்துக்கிருஷ்ணனே பெட்டியில இருந்து கையை எடுத்துட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டாரு. சோம்ரா மூச்சு வாங்கி, கண்ணைத் தொடச்சுக்கிட்டு, நல்லா எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னான்.

"இருங்க. எல்லாரும் நல்லா இருங்க."

பந்தியில சனம் பாஞ்சுச்சு. ராஜாராம் மட்டும் அங்கேயே குத்த வச்சு உக்காந்துட்டாரு. கறிச் சட்டியை வாங்கி, சோம்ரா இலையில தன் கையால வச்சாரு. "தம்பி"ன்னாரு. இந்தத் தடவை அந்தச் சொல்லு வாயில ஒட்டுச்சு. "நீயும் இருப்பா. நம்ம தோட்டத்துக்கே வந்துரு. சரம் எது, களை எதுன்னு நானே காட்டித் தர்றேன்."

"சரி, இருக்கேன். எலும்பு வைக்காதீக, கறியாப் பாத்து வைங்க"ன்னான் சோம்ரா.

"அட, காரியத்தைக் கெடுத்தீகளே அப்பு!"ன்னு பந்தியில இருந்து ஒச்சப்பன் வாயில சோத்தோட கத்தினாரு. "அவனையும் இருக்கச் சொல்லிட்டீகளே! அடுத்த வருசம் முத இலைக்குப் பரதேசி எங்க கெடைப்பான்?"

ராஜாராம் துண்டால கண்ணைத் தொடச்சாரு.

"கெடைப்பாண்ணே"ன்னாரு. "எவனாச்சும் வந்து சரத்தை அறுக்காமலா போயிருவான்?"